நோன்பு மாவில் விழுந்த உப்பு

இதை எழுத வேண்டும் என்று நினைத்தும் எழுதாமலே பல வருஷங்களைக் கடத்திவிட்டேன். மகளைக் கவனிக்க வேண்டும், நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது பாதிதான் நிஜம். மீதிப் பாதி பயம். நான் சொல்ல வந்தது எங்கள் பக்கத்துப் பெண்கள் பிடிக்கும் செவ்வாய் நோன்பில் நடந்த சங்கதி. அந்த நோன்பில் நடப்பது ஆண் காதில் விழக் கூடாது என்பது கட்டுப்பாடு. தாலி கட்டியவர் கேட்டாலும் சொல்லக் கூடாது, பெற்ற மகன் கேட்டாலும் சொல்லக் கூடாது. எழுதிவிட்டால் அதை யார் படிக்கிறார்கள் என்று நான் காவல் நிற்க முடியுமா?

போன கார்த்திகையில் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன். சிவப்புப் பூ வந்தால் இந்தப் பேச்சையே விட்டுவிடுவது, வெள்ளை வந்தால் எழுதுவது என்று வேண்டிக்கொண்டேன். கோயிலுக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண் எடுத்துத் தந்த பொட்டலத்தில் வெள்ளை அரளி இருந்தது. அதனால் எழுதுகிறேன். நோன்பில் சொல்லும் கதையை நான் இங்கே சொல்லப் போவதில்லை, அது அம்மனுடையது. மாவில் விழுந்த உப்பு என்னுடையது. அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க மனம் இல்லாதவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

என் மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது. நான் சொல்வது அவளுக்குப் பன்னிரண்டு நடந்த காலம். மூன்று வயதுவரை பேச்சு வராததால் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஓடினோம். ஆட்டிசம் என்றார்கள், அறிவு வளர்ச்சியும் குறைவு என்றார்கள். பேச்சு அதற்குப் பிறகும் வரவில்லை. வேண்டியதை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டுவாள். கதவு திறந்திருந்தால் வெளியே போய்விடுவாள். போனால் நேரே தண்ணீரைத் தேடித்தான் போவாள். எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு அப்பால் வாழைத்தோப்பு, தோப்பைத் தாண்டினால் வயலுக்குத் தண்ணீர் போகும் சானல். அதன் கரையில் வைத்து அவளை நான் பிடித்து இழுத்து வந்ததுண்டு. அன்றையிலிருந்து என் காதுகளில் ஒன்று பின்கதவுக் கொண்டியிலேயே தொங்குகிறது. சோறு வடிக்கும்போதும் அங்கேதான், சாமி கும்பிடும்போதும் அங்கேதான்.

குக்கர் விசிலடித்தால் தன் காதில் தானே அறைந்துகொள்வாள். அதனால் விசிலுக்கு முன்னால் ஓட வேண்டும். உப்புக் குறைந்த எதையும் வாயில் வைக்கமாட்டாள். துப்பிவிட்டு அன்று முழுக்கப் பட்டினி கிடப்பாள். மற்றப் பிள்ளைகள் இனிப்புக்கு அழுவார்கள், இவள் கஞ்சியில் உப்புப் போதவில்லை என்று அழுவாள். இவர், அதாவது என் வீட்டுக்காரர், அப்போது குவைத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். ஆக வீட்டில் நானும் அவளும்தான்.

மறதி எனக்கு எப்போது வந்தது என்று கேட்டால் அதுவும் ஞாபகமில்லை. மகளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வடசேரிச் சந்தையில் ஒரு கடை முன்னால் நின்று, நான் எதற்கு வந்தேன் என்று கடைக்காரரிடமே கேட்டிருக்கிறேன். அவர் ஒருமுறை என்னைப் பார்த்தார், ஒருமுறை பிள்ளையைப் பார்த்தார்.

"சேனைக்குத்தான் வந்திருப்பிய. நல்ல சேனை கெடக்கு, கொண்டுபோங்க" என்று நிறுத்துப் பையில் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, தேங்காய்க்குப் போனவள் நான்.

இது சிரிக்கக்கூடிய மறதி. சிரிக்க முடியாததும் இருந்தது. சாயங்காலம் விளக்கேற்றிப் பாடுகிற பாட்டு, சின்ன வயசிலிருந்து பாடிய பாட்டு, இரண்டாம் வரிக்கு மேல் வராது. படத்தின் முன்னால் வாயைத் திறந்தபடி நிற்பேன். மகள் வந்து என் உதட்டைத் தொட்டுப் பார்ப்பாள், பாட்டு எங்கே போயிற்று என்பதுபோல. ஒருநாள் கேஸ் அடுப்பைத் திருகிவிட்டுப் பற்றவைக்க மறந்துபோய்ப் பிள்ளை பின்னால் ஓடினேன். நாற்றம் வந்து பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து மூடினாள். முருகா, அன்று நீதான் காப்பாற்றினாய்.

அதற்குப் பிறகு ஊரே எனக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தது. வல்லாரைக் கீரை தின்னச் சொன்னார்கள். பாதாம் பருப்பை ஊறவைத்துத் தோலை உரித்துத் தின்னச் சொன்னார்கள். உரிக்கிற நேரத்துக்குப் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஒருத்தியும் வரவில்லை. வைத்தியம் சொல்லுகிறவர்களுக்கு வாய்தான் நீளம், கைகள் எல்லாம் மடியில்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட பிள்ளைகளின் தாய்தகப்பன்மாருக்கு என்று ஒரு கூட்டம் போட்டார்கள், போனேன். சட்டை கசங்காத ஒருவர் வந்து பேசினார். மன அழுத்தத்தைக் குறையுங்கள், தினமும் ஒரு மணி நேரம் உங்களுக்காக ஒதுக்குங்கள், கண்ணை மூடி உட்காருங்கள், ஞாபகசக்தி தானாக வரும் என்றார். கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒரு தாய், மடியில் கனத்த மகனை வைத்துக்கொண்டிருந்தவள், இருந்த இடத்திலிருந்தே கேட்டாள்:

"சாரே, நான் கண்ண மூடுத அந்த ஒரு மணிக்கூர் இவன ஆரு பிடிப்பா? நீங்க வருவியளா எங்க வீட்டுக்கு?"

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். அந்த மனுஷன் பேசி முடித்ததும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிய கையை நினைத்து வெட்கப்பட்டேன்.

உருப்படியாகச் சொன்னது பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாதான். மறதிக்கு மாத்திரை கேட்டுப் போன என்னிடம் மாத்திரை எழுதவில்லை. எத்தனை மணிக்குத் தூங்குவாய், இடையில் எத்தனை தடவை எழுவாய் என்று கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மகள் கதவுப் பக்கம் நகர, நான் பேச்சை விட்டுவிட்டு அவள் பாவாடையை எட்டிப் பிடித்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் என்ன பேசிக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. டாக்டரம்மா தலையை ஆட்டினார்.

"இதான்மா விஷயம். உங்க மூளையில நோவு ஒண்ணும் இல்ல. எந்நேரமும் பயந்து காவல் நிக்கிற மனசு மத்ததை உள்ளே வாங்கி வைக்காது. வாங்கி வைக்கணும்னா கொஞ்சம் உறங்கணும், கொஞ்சம் ஆள் உதவி வேணும்."

அதை நான் வந்து வீட்டில் சொன்னபோதுதான் மைனி சிரித்தாள்.

மைனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவருடைய மூத்த அக்கா. எங்களுக்கு மூன்றாவது வீடு. பிள்ளைகள் வெளியூரில், மாமா, அதாவது அவள் புருஷன், காலையில் வயலுக்குப் போனால் இருட்டித்தான் வருவார். அவளுக்கு இருந்த ஒரே தொழில் ஞாபகம் வைத்துக்கொள்வது. யார் கல்யாணத்தில் என்ன பாயசம், எந்தச் சாவுக்கு யார் வரவில்லை, எந்த மருமகள் எந்த வருஷம் என்ன எதிர்வார்த்தை பேசினாள் என்பதெல்லாம் அவள் நாக்கு நுனியில் நிற்கும். ஊரில் தேதியில் சந்தேகம் வந்தால் காலண்டரைப் பார்க்கமாட்டார்கள், மைனியைக் கேட்பார்கள். அந்தப் பெருமையிலே அவள் முதுகு வளையாமல் நடப்பாள். இத்தனையும் ஞாபகம் வைத்திருந்தவளுக்கு என் மகளுக்கு எந்த வயதில் முதல் பல் விழுந்தது என்று தெரியாது. அவளை ஒருநாள் தூக்கியதும் கிடையாது.

"ஆளு உதவி வேணுமாம், உறங்கணுமாம்! ஏட்டி, நாங்க பிள்ள வளக்கலியா? மூணு பெத்தேன். ஒண்ணாவது மறந்தேனா? மறதின்னா அது ஒரு சொகுசு பிள்ளே. அந்தச் சொகுசுல இந்தப் பிள்ளைய ஒருநாள் கொன்னுப்போடப் போற. பாத்துக்க."

கேஸ் சங்கதி நடந்தபோதே குவைத்துக்குப் போன் போட்டு இவரிடம் சொன்னவள் அவள்தான். திருநெல்வேலியைத் தாண்டி இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் இல்லம் ஒன்று இருக்கிறது, அங்கே கொண்டுவிட்டால் பிள்ளைக்கும் பாதுகாப்பு, எனக்கும் நிம்மதி என்று யோசனை சொன்னவளும் அவள்தான். என் நிம்மதியில் அவளுக்கு அன்றைக்குத்தான் முதல்முதலாக அக்கறை வந்தது. இவர் பிடி கொடுக்கவில்லை. பார்க்கலாம் அக்கா என்று நழுவிவிட்டார். அந்த இல்லத்தில் நல்லவர்கள் இருக்கலாம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாய் பேசாத என் பிள்ளைக்கு உப்புப் போதவில்லை என்று அங்கே யாருக்குத் தெரியும்? இதே நினைப்பாக இருந்தேன். யார் எது சொன்னாலும் என் மனசு அந்த ஒரே இடத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

அந்த வருஷம் ஆடிமாசம் நோன்பு மைனி வீட்டில். எங்கள் தெருவில் மத்தியானமே நோன்பை முடித்துவிடுவோம், ஆண்கள் வயலுக்கும் கடைக்கும் போயிருக்கும் நேரத்தில். ஆண்வாடையே கூடாது. தொட்டிலில் கிடக்கும் ஆண்பிள்ளையைக்கூடத் தூக்கிப் பக்கத்துத் தெருவில் விட்டுவிட்டுத்தான் வருவார்கள். பச்சரிசி மாவைப் பிசைந்து கொழுக்கட்டை பிடித்து அவித்து அம்மனுக்கு வைப்போம். அதில் உப்புப் போடக் கூடாது. போடவே கூடாது. நோன்பில் பாதி, அந்த உப்பில்லாமைதான். என் மகள் பெண்பிள்ளை என்பதால் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். விட்டுவிட்டுப் போக எனக்கு வேறு இடமும் இல்லை.

மாவு பிசைகிற முறை அன்று எனக்கு. குத்துப்போணிப் பாத்திரத்தில் மாவு, பக்கத்தில் வெந்நீர். மகள் அடுக்களை மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். யாரோ பின்கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள், மூடினார்களா என்று தெரியவில்லை. கொண்டிச் சத்தம் கேட்கவில்லை. நான் மகளைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன், மகளைப் பார்த்தேன். அவள் எழுந்துவிட்டாள். அவளை இடது கையால் இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டு வலது கையால் பிசைந்தேன். அந்தக் கை எப்போது பக்கத்து அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போயிற்று, எப்போது உப்புச் சிரட்டையில் நுழைந்தது, அம்மன் சத்தியமாக எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு மாவு பிசைந்த கை. அது தன் வேலையைச் செய்துவிட்டது.

பூசை முடிந்து எல்லாரும் வாயில் வைத்தார்கள். ஒருத்தி மட்டும் வாயை முந்தானையால் மூடினாள். மைனி கொழுக்கட்டையைக் கையில் துப்பி, அதை உற்றுப் பார்த்தாள்.

"உப்பு" என்றாள்.

வெள்ளத்தில் பாம்பைக் கண்டதுபோல எல்லாரும் விலகி உட்கார்ந்தார்கள். அந்தக் கூட்டத்தில் சந்தோஷமாகத் தின்றுகொண்டிருந்தவள் என் மகள் ஒருத்திதான். ஒன்றை முடித்து அடுத்ததுக்குக் கையை நீட்டினாள்.

"தின்னு மக்கா, நல்லாத் தின்னு" என்றாள் மைனி. "ஒனக்காகத்தானே உங்கம்மை குடும்பத்தையே கெடுத்து வச்சிருக்கா. ஏட்டி மூதி, சின்னப்பிள்ளைக்குத் தெரியும் இதுல உப்புக் கெடையாதுன்னு. ஒனக்கு மண்டைக்குள்ள என்ன இருக்கு? வைக்கோலா?"

"மறந்துட்டேன் மைனி. பிள்ள எந்திச்சா, கதவு…"

"மறந்துட்டாளாம்! அம்மன மறந்தவ பிள்ளைய மறக்க எம்புட்டு நேரம் ஆவும்?"

நோன்புக்கு என்று எங்கள் பெண்கள் சொல்லும் ஒரு வழக்கு உண்டு: அசந்தா ஆடி, தப்புனா தை, மறந்தா மாசி. அசந்து கிடந்தாலும் ஆடியில் பிடி, அது தப்பினால் தையில் பிடி, அதையும் மறந்தால் மாசியில் பிடி என்று அர்த்தம். பெண்பிள்ளை மறப்பாள் என்று அம்மனுக்குத் தெரியும். தெரிந்து அதற்கென்று ஒரு மாசத்தையே ஒதுக்கி வைத்திருக்கிறாள். அவளுக்குப் பூசை போடும் மைனிக்கு ஒரு நிமிஷம் ஒதுக்க மனமில்லை. வருஷா வருஷம் அந்த வழக்கை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லுகிறவளும் அவள்தான்! கிளிக்கும் சொல்லிக் கொடுத்தால் சொல்லும்.

அன்று சாயங்காலமே அவள் தன் வீட்டு முற்றத்தில் நின்று குவைத்துக்குப் போன் போட்டாள். நான் மகளைக் கூட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தேன், என்னைப் பார்த்தும் குரலைத் தாழ்த்தவில்லை. அவளுக்கு ஒரு சங்கடம். நோன்பில் நடந்ததைத் தம்பி என்றாலும் ஆணிடம் சொல்லக் கூடாது. சொல்லாமல் இருந்தால் வயிறு வெடித்துவிடும். ரெண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"மக்கா, என்னன்னு மட்டும் கேக்காத. நான் சொல்லக் கூடாது. தின்னுத சாமானத்துல போடக் கூடாதத போட்டுட்டா ஒம் பெண்டாட்டி. நாங்க எல்லாரும் துப்பிட்டோம். பிள்ளதான் தின்னுட்டு. அம்மன் காப்பாத்துனா. இனி அந்தப் பிள்ள அவகிட்ட இருக்கக் கூடாது மக்கா, கேட்டியா?"

சொல்லிவிட்டு அழவும் செய்தாள். எனக்கு அந்த நேரம் அவள் சொன்னது உப்பு என்று மட்டும்தான் காதில் விழுந்தது. உப்பைக் கண்ணால் காணாத ஒரு மனுஷன் காதில் அது என்னவாக விழும் என்று எனக்குத் தோன்றவில்லை. அன்று ராத்திரி இவர் போனில் பேசியபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

"அக்கா எல்லாம் சொன்னா. நான் ஆவணியில வாறேன். நாம வேற ஏற்பாடு பாப்போம். அதுவரைக்கும் சாப்பாடு அக்கா வீட்டுல இருந்து வரட்டும்."

அவ்வளவுதான். என் மறதியைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மைனி வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. மகள் துப்பினாள். மைனி பார்க்காத நேரத்தில் நான் உப்புப் போட்டுப் பிசைந்து கொடுத்தேன். என் பிள்ளைக்கு நான் திருட்டுத்தனமாகச் சோறூட்டிய காலம் அது.

ஆவணியில் வந்தார். என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகளைக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். வந்த வாரமே இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வர நாள் குறித்தாகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை. பிள்ளையைக் கொண்டுபோக வேண்டாம், முதலில் நீங்கள் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள் என்றாள் மைனி.

"ஒரு நாள்தானே, நான் பாத்துகிடுகேன். என்ன பெரிய கம்பசூத்திரமா?"

பின்கதவைப் பூட்டச் சொன்னேன். குக்கர் வேண்டாம் என்றேன். எனக்கே சொல்லித் தருகிறாயா என்பதுபோல் கையை வீசினாள்.

வடசேரியில் திருநெல்வேலி பஸ் ஏறினோம். ஜன்னலோரம் நான், பக்கத்தில் இவர். பஸ் தோவாளையைத் தாண்டியது. மலைக்கணவாய்க் காற்று ஜன்னல் வழியாக அடித்தது. திடீரென்று, முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒங்கிட்ட ஒண்ணு கேக்கேன். உள்ளதச் சொல்லு. பிள்ளைக்கு வெசம் வச்சியா?"

காற்றுச் சத்தத்தில் தப்பாகக் கேட்டதோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அது தப்பாகக் கேட்ட முகம் இல்லை.

"யார் சொன்னா?"

"அக்கா. தின்னுத சாமானத்துல போடக் கூடாதத போட்டுட்டா, நாங்க எல்லாரும் துப்பிட்டோம், பிள்ள தின்னுட்டு, அம்மன் காப்பாத்துனான்னு சொன்னா. என்னன்னு கேட்டா சொல்லக் கூடாதுங்கா. அழுகா. நான் என்னன்னு நெனைப்பேன்?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா?" என்றார். "நீயும் ஒத்தையில கெடந்து என்ன பாடு படுதியோ. ஆமான்னு சொல்லிட்டா நான் என்ன செய்வேன்?"

ஒரு மாசமாக இந்த மனுஷன் பாலைவன வெயிலில் இதைச் சுமந்துகொண்டு ஒயர் இழுத்திருக்கிறார். அக்காக்காரி தன் வாய்க்கட்டுப்பாட்டைக் காப்பாற்றிக்கொண்டாள். என்ன ஒரு பக்தி! அந்தப் பக்திக்கு விலை என் பிள்ளை.

நான் கண்ணை மூடி அம்மனிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டேன். பிறகு அவரிடம் திரும்பிச் சொன்னேன்.

"உப்பு அத்தான்."

"என்னது?"

"உப்பு. நோன்புக் கொழுக்கட்டையில உப்புப் போடக் கூடாது. ஆம்பிளையள்ட்ட அதச் சொல்லவும் கூடாது. பிள்ளைக்குப் பெசையித ஞாபகத்துல கை போட்டுட்டு. அத அவியளால திங்க முடியல, துப்புனாவ. இவளுக்குப் பிடிச்சுது, தின்னா. அவ்வளவுதான்."

"உப்பா?"

"கல்லுப்பு."

முதலில் சிரித்தார். கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். துண்டு நெடுநேரம் முகத்திலேயே இருந்தது. ஆரல்வாய்மொழி வந்ததும் எழுந்து, "இறங்கு" என்றார். வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாத காற்று. ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று திரும்புகிற பஸ்ஸில் ஏறினோம்.

ஊருக்கு வந்தபோது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. தெருமுனையிலேயே பால் தீய்ந்த நாற்றம் வந்தது. மைனி வீட்டு முன்கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே ஓடினேன். அடுப்பில் கரிப்பிடித்த பால்பாத்திரம், கீழே தீ எரிந்துகொண்டிருந்தது. இவர் போய் அணைத்தார். பின்முற்றத்தில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் என் மகள் நனைந்து நின்று செம்பு செம்பாகத் தரையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளைப் போல் அன்று சந்தோஷமாக இருந்தவர்கள் ஊரில் யாரும் இருந்திருக்கமாட்டார்கள். அவள் பாவாடை நுனியை ஒரு கையில் பிடித்தபடி மைனி. கொண்டை அவிழ்ந்து தொங்கியது. இன்னொரு கையில் பாதி இட்லி, வாயில் மீதி.

"வந்துட்டியளா? எதுக்குடா இவ்வளவு சீக்கிரம்? போன் போடலாம்னா போனக் காணோம். எங்க வச்சேன்னு தெரியல" என்றாள் மைனி. போன் பிறகு அரிசிப் பானைக்குள் கிடைத்தது.

இவர் அவள் கையைப் பார்த்தார்.

"அக்கா, இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா?"

மைனி வெள்ளிக்கிழமை விரதம். விளக்கேற்றும்வரை பச்சைத்தண்ணீர் தவிர வாயில் படாது. முப்பது வருஷ விரதம் என்று ஊரெல்லாம் சொல்லுவாள். அவள் தன் கையிலிருந்த இட்லியைப் பார்த்தாள். அது எப்படித் தன் கைக்கு வந்தது என்று இட்லியிடமே கேட்பதுபோலப் பார்த்தாள்.

"பால அடுப்புல வச்சத மறந்துட்டியா?" என்று கேட்டார் இவர்.

"நான் ஒண்ணும் மறக்கல! இவ மறக்க வச்சுட்டா. ஒரு நிமிசம் கண்ண எடுக்க விட்டாளா? கதவத் தொறக்கா, தண்ணிக்கு ஓடுகா, இந்தப் பக்கம் திரும்புனா அந்தப் பக்கம் காணோம். இதுல பால ஞாபகம் வைப்பனா, வெரதத்த ஞாபகம் வைப்பனா? எனக்கு என்ன நாலு மண்டையா இருக்கு?"

"இல்ல" என்றார் இவர். "இவளுக்கும் ஒண்ணுதான்."

மகளைத் துண்டால் துவட்டித் தோளில் தூக்கிக்கொண்டார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, கால் அவர் முழங்காலில் இடித்தது. அப்படியே வீட்டுக்குத் தூக்கி வந்தார். இல்லத்தைப் பற்றிய பேச்சு அதோடு எங்கள் வீட்டில் முடிந்தது. குவைத்து ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிட்டார், இங்கேயே வயரிங் வேலை பார்க்கிறார். பின்கதவுக் கொண்டியை மேலே உயர்த்தி வைத்தது அவர்தான். ராத்திரி பாதி அவர் விழித்திருப்பார், பாதி நான். டாக்டரம்மா சொன்னது சரிதான், கொஞ்சம் உறங்கியதும் பாட்டின் மூன்றாம் வரி வந்தது. நான்காவதும் ஒருநாள் வரும். ஆனால் இவர் இப்போது பைக் சாவியைப் பைக்கிலேயே வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுகிறார். மறதிக்கு இப்போது வீட்டில் இரண்டு பேர்.

மைனி திருந்தினாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அரை நாளில் தன் விரதத்தைத் தின்ற அந்த மனுஷி, அதற்கு மறுநாளே தெருவில் நின்று, அந்தப் பிள்ளைக்குள் ஏதோ இருக்கிறது, பக்கத்தில் போனாலே மதி மயங்குகிறது என்று சொன்னாள். என்னிடம் ஒரு நல்ல வார்த்தை இல்லை. தன் தம்பியிடமும் இல்லை. நோன்புச் சங்கதியை ஆணிடம் சொன்ன பாவி என்று எனக்கு ஒரு புதுப்பட்டமும் கட்டினாள். அவள் வாயிலிருந்து கிளம்பிய உப்பு அடுத்த தெருவுக்குப் போகும்போது வாளி உப்பாயிற்று, மயிலாடியில் கட்டிக்கொடுத்த என் தங்கை காதுக்குப் போகும்போது எலிப்பாஷாணம் ஆகிவிட்டது. அவள் அழுதுகொண்டே போன் செய்தாள், "அக்கா, நீ நல்லா இருக்கியா?" என்று. எனக்கு மைனி மேல் கோபம்கூட இப்போது இல்லை. கோபப்பட வேண்டுமென்றால் எதிரில் ஒரு ஆள் இருக்க வேண்டும். அங்கே வெறும் ஞாபகம்தான் இருக்கிறது, அதிலும் மற்றவர்கள் குற்றம் மட்டும்.

அந்த வருஷம் மாசியில் என் வீட்டில் நோன்பு பிடித்தேன். எனக்காக நாலைந்து பெண்கள் வந்தார்கள். மாவு பிசையும்போது உப்புச் சிரட்டையை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன், கையை நம்பவில்லை. உப்பில்லாத கொழுக்கட்டையை அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். என் மகள் ஏற்றுக்கொள்ளவில்லை. துப்பினாள்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு எதையாவது மறந்து நிற்கும் ஒரு தாய் இருப்பாள், அவளைப் பற்றிப் பேச நாலு பேரும் இருப்பார்கள். அந்த நாலு பேரிடம் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது பாதியை விழுங்கிவிட்டுப் பாதியைச் சொல்லாதீர்கள், ஒன்றைக் கூட்டியும் சொல்லாதீர்கள். நான் போட்டது உப்பு. ஒரு கை கல்லுப்பு. கேட்டால் உப்பு என்றே சொல்லுங்கள்.